கேட்கும்வரை காத்திருப்பதா?



ஜும்ஆத் தொழுகை முடிந்து இமாம் ஸலாம் கொடுத்தவுடன், கடைசி ஸஃப்பிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையில் ஒரு பை. பைக்குள் ஸ்கேன் படங்களும் மருத்துவர் சீட்டுகளும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. வெளியே பள்ளிவாசல் படியோரம் ஓர் ஆட்டோ நிற்கிறது. அதில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருப்பவர் அவருடைய அத்தா. வலக்கை மடியில் துவண்டு கிடக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பக்கத்தில் துண்டு விரிக்கப்படுகிறது. நாம் பத்தும் இருபதும் ஐம்பதுமாகப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறோம்.

போடும்போது அந்தப் பெரியவரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க நம்மில் பலருக்கு முடிவதில்லை. ஏன்? போன வருடம்வரை நம்மோடு தோளோடு தோள் ஒட்டித் தொழுதவர் அவர். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர். அவர் இப்படி ஆட்டோவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது சரியில்லை என்று நம் உள்ளம் சொல்கிறது. சரியில்லாதது எது? அவர் கேட்டதா? அல்லது அவர் வந்து கேட்கும்வரை நாம் வீட்டில் உட்கார்ந்திருந்ததா? இந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

நோயும் அதன் நீளமும்

‘கை கால் விழுந்துவிட்டது’ என்று நம் வீடுகளில் சொல்லும் நோய்க்குப் பக்கவாதம் என்று பெயர். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ, வெடித்து இரத்தம் கசிவதாலோ அது உண்டாகிறது. மூளையின் இடப்பக்கம் பழுதானால் உடலின் வலப்பக்கம் தளர்கிறது. பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. முகம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு ஓடவேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போயே போய்விடும்.

ஆனால், உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை ஆரம்பமாகிறது. செத்துப்போன மூளைப் பகுதி மீண்டும் முளைப்பதில்லை. மிஞ்சியிருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை நடை பழகுவதுபோல, ஒரே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்து பழகவேண்டும். இதற்குத்தான் பிஸியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சி. பேச்சு போனவருக்குப் பேச்சுப் பயிற்சி. சட்டை மாட்டவும் கரண்டி பிடிக்கவும் இன்னொரு பயிற்சி. முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். சுமார் 6 மாதம்வரை நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்வது. அந்த மாதங்களில் பயிற்சி நின்றுபோனால் விரல்கள் மடங்கியபடியே இறுகுகின்றன. தோள் வலியெடுத்துப் பூட்டிக்கொள்கிறது. படுத்த இடத்தில் புண் வருகிறது.

இராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே தறியோட்டும் ஒருவருக்கு இந்த நோய் வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். ஊரார் காயத்துக்கெல்லாம் துணி நெய்த கை இப்போது அசையவில்லை. முதல் வாரம் உறவும் ஊரும் திரண்டு வருகிறது. ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணம் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் மதுரைக்குப் போய்வந்த வண்டிச் செலவுக்கும் சரியாகிவிடுகிறது. இரண்டாம் மாதம் வருகிறவர்கள் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான்காம் மாதம் யாருமே வருவதில்லை. கை விரல் இலேசாக அசையத் தொடங்கியிருக்கும் அதே மாதத்தில் பயிற்சிக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் போகிறது. ஈரமில்லாத மக்களல்லர் நம்மவர்கள். ஆனால் அந்த ஈரம் முதல் வாரத்தோடு காய்ந்துவிடுகிறது.

ஆறும் தேக்கமும்

இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் பகுதி இருக்கிறது. மலையில் மழை பெய்தால் அங்குள்ள ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். குளிக்கப் போனவர்கள் கரை திரும்ப முடியாமல் தவிக்கும் அளவுக்கு வரும். கோடையில் போய்ப் பார்த்தால் பாறைகள்தான் தெரியும். அந்த ஆற்றை மட்டும் நம்பியிருந்தால் நகரத்தின் குடங்கள் பாதி வருடம் காலியாகத்தான் இருக்கும். அதனால்தான் அந்தத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்த்துவைத்து ஊருக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். வெள்ளம் அல்லாஹ்வின் அருள்; அதைத் தேக்கி அளந்து கொடுப்பது மனிதனுக்கு அவன் தந்த அறிவின் வேலை.

நம்முடைய தர்மம் பெரும்பாலும் அந்த ஆற்றைப் போல இருக்கிறது. ரமளானில் வெள்ளம், ஷவ்வாலில் பாறை. நோய் வந்த முதல் வாரத்தில் வெள்ளம். நான்காம் மாதத்தில் பாறை. பக்கவாதக்காரருக்குத் தேவைப்படுவதோ குழாயில் தினமும் வரும் ஒரு குடம் தண்ணீர்.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. தஹஜ்ஜுதுக்கும் திக்ருக்கும் இதை நாம் எடுத்துச் சொல்கிறோம். தர்மத்துக்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைப் பயிற்சிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 தடவை என்றால் 4,800 ரூபாய். 6 மாதத்துக்கு 28,800 ரூபாய். ஒரு வீட்டின்மேல் மொத்தமாக விழுந்தால் அந்த வீட்டையே சாய்த்துவிடும் தொகை இது. மஹல்லாவில் 40 வீடுகள் மாதம் 120 ரூபாய் எடுத்துவைத்தால் 4,800 ரூபாய் வந்துவிடுகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 4 ரூபாய். ஒரு டீயின் விலைகூட இல்லை. வேண்டியது 6 மாதம் மறக்காமலிருக்கும் 40 வீடுகள்.

கேட்பது பற்றி மார்க்கம் சொல்வது

யாசகம் இஸ்லாம் விரும்பாத ஒன்று என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொடுக்கும் மேல் கை வாங்கும் கீழ்க் கையைவிடச் சிறந்தது என்பது அடிக்கடி பயானில் கேட்கும் செய்தி. ஆனால் அந்தச் செய்தியை யாரை நோக்கிச் சொல்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. கை கால் விழுந்தவரைப் பார்த்து ‘கேட்காதே’ என்று சொல்லவா அது வந்தது? வசதியுள்ளவரைப் பார்த்து, ‘உன் கை மேலே இருக்கிறதே, அது எங்கே?’ என்று கேட்கவும் அல்லவா அது வந்தது!

கபீஸா (ரலி) என்னும் ஸஹாபி சம்பந்தமாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. அவர் ஒரு பொறுப்பை ஏற்று, அதைத் தீர்க்க வழியில்லாமல் நாயகத்திடம் உதவி கேட்டு வந்தார். ஸதகாப் பொருள் வரும்வரை இங்கேயே இரும், அதிலிருந்து தரச் சொல்கிறோம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் அவரை ஆறுதல்படுத்தினார்கள். பிறகு, கேட்பது மூன்று பேருக்கே ஆகும் என்று விளக்கினார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றவர் ஒருவர். திடீர் விபத்தால் பொருளை இழந்தவர் ஒருவர். வறுமை பிடித்துக்கொண்டவர் ஒருவர். இவர் விஷயத்தில், அவருடைய சமூகத்திலேயே அறிவுள்ள மூன்று பேர் எழுந்து, இவருக்கு வறுமை வந்தது உண்மையே என்று சொல்லவேண்டும். அதுவும் வாழ்க்கை நிலைபெறும் அளவு கிடைக்கும்வரைதான். அதற்குமேல் கேட்டால் அது ஹராமான உணவு.

இந்த ஹதீஸை வழக்கமாகக் கேட்பவருக்குப் போட்ட கட்டுப்பாடாகவே நாம் படித்து வருகிறோம். அது சரிதான். ஆனால் அந்த ‘மூன்று பேர்’ யார் என்று எண்ணிப் பாருங்கள். எங்கோ இருக்கும் அதிகாரிகளல்லர். அவருடைய மக்களிலேயே விவரம் தெரிந்தவர்கள். அதாவது நம் தெருவில் உள்ள நாம்! ஏழை தன் ஏழ்மையைத் தானே நிரூபித்துக்கொண்டு அலையவேண்டும் என்று மார்க்கம் விடவில்லை. அவருக்காக எழுந்து நின்று சாட்சி சொல்லும் பொறுப்பை ஊரிடம் கொடுத்திருக்கிறது. மூன்று பேர் நம் மஹல்லாவில் முன்வந்திருந்தால், அந்த இளைஞர் ஜும்ஆவில் எழுந்து நின்றிருக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டோவும் படியோரம் வந்திருக்காது.

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் 273 ஆம் வசனம் இதைவிட ஆழமாகப் போகிறது. தன்மானத்தால் கேட்காமல் இருப்பதனால் விவரமறியாதவன் செல்வர் என்று எண்ணிக்கொள்ளும் ஏழைகளை அது குறிப்பிடுகிறது. அவர்களை அடையாளங்களைக் கொண்டு அறிந்துகொள்ளலாம் என்கிறது. கேட்காதவனைத் தேடிப் போய் அறிந்துகொள்வது கொடுப்பவனின் வேலை என்பது இதிலிருந்து தெளிவாகிறதல்லவா? கேட்டபிறகு கொடுப்பது தர்மம்தான். ஆனால் அந்தத் தர்மத்தின் விலையில் ஒரு பகுதியை வாங்குபவர் தன் மானத்தால் கட்டிவிட்டார். கேட்குமுன் அறிந்து கொடுத்தால் அந்த விலையும் அவருக்கு மிச்சமாகிறது.

மூன்று ஆட்சேபங்கள்

இப்படிச் சொன்னதும் சில கேள்விகள் எழும். அவற்றை ஒதுக்கிவிடாமல் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: ‘அவருக்குச் சொந்த வீடு இருக்கிறதே! விற்று வைத்தியம் பார்த்தால் என்ன?’ ஜகாத் வாங்கத் தகுதி உள்ளவர் யார் என்று கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டையும், உடுக்கும் துணிகளையும், வீட்டுச் சாமான்களையும், தொழில் செய்யும் கருவிகளையும் ஹனஃபி மத்ஹபின் பிக்ஹு நூல்கள் சேர்ப்பதில்லை. அத்தியாவசியத் தேவைக்குப் போக மீதமாக 612.36 கிராம் வெள்ளியின் மதிப்புக்குப் பொருள் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. தறியையும் கூரையையும் விற்றுவிட்டு எழுந்து நடப்பவர் எங்கே போய் நடப்பார்? மார்க்கம் அவரிடம் விட்டுவைத்த கூரையைப் பார்த்து நாம் கண் வைப்பது முறையல்ல.

இரண்டாவது: ‘மகன் இருக்கிறானே!’ இதில் நியாயம் உண்டு. பெற்றவரைப் பார்ப்பது மகனின் கடமை. அதனால்தான் மகன் தன் ஜகாத்தைத் தகப்பனாருக்குக் கொடுக்கலாகாது. அவர் செலவு ஏற்கெனவே அவன் தலையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மகனே தினக்கூலியாக இருந்தால்? அத்தாவைத் தூக்கவும் திருப்பவும் அவன் வேலையை விட்டிருந்தால்? கடமை இருக்கிறது என்பதால் சக்தியும் இருக்கிறது என்று ஆகிவிடாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமன், சிற்றப்பா ஆகிய உறவுகளில் வசதியுள்ளவர்கள் தகுதியுள்ள நோயாளிக்குத் தங்கள் ஜகாத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். தர்மத்தின் நன்மை ஒன்று, உறவைப் பேணிய நன்மை ஒன்று என இரட்டை நன்மை கிடைக்கும் என்பது நபிமொழி.

மூன்றாவதுதான் கடினமானது. பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனத்தில் நினைப்பார்கள். ‘வயதாகிவிட்டது. எவ்வளவு செலவழித்தாலும் பழையபடி ஆகப்போவதில்லை. இந்தப் பணத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே!’

பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் கடமை. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ‘பழையபடி ஆகப்போவதில்லை’ என்ற சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. இந்தப் பயிற்சியால் கிடைப்பது என்ன? சிலர் மீண்டும் வேலைக்குப் போகிறார்கள். பலருக்கு அது கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது வேறு. யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து கழிவறைக்குப் போவது. தன் கையால் ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பது. சுவரைப் பிடித்துக்கொண்டு உளூச் செய்யும் இடம்வரை நடப்பது. வீட்டுக்கு வந்தவருக்குத் திக்கித் திணறியாவது ஸலாம் சொல்வது. படுக்கையில் கிடந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள், இவை சின்ன விஷயங்களா என்று.

தொழுகையைப் பாருங்கள். நின்று தொழு; முடியாவிட்டால் உட்கார்ந்து; அதுவும் முடியாவிட்டால் படுத்துக்கொண்டு என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஓத வராத நாவுக்கு அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை. ‘முழுமையாக முடியாதென்றால் விட்டுவிடு’ என்று மார்க்கம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு படியிலும் அந்த அடியானை ஏற்றுக்கொள்கிறது. படுக்கையிலிருந்து உட்காருவது ஒரு படி. உட்கார்ந்ததிலிருந்து நிற்பது ஒரு படி. அந்தப் படிகளை ரப்பே மதித்திருக்கும்போது, ‘அரைகுறையாகத்தானே நடப்பார்’ என்று கணக்குப் பார்க்க நாம் யார்?

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் தினமும் ஒரு ஸதகா கடமையாகிறது என்று கூறிய ஹதீஸிலேயே, ஒருவரை அவர் வாகனத்தில் ஏற்றிவிடுவதும் ஸதகா என்று வருகிறது. மடங்காத மூட்டை மடக்கப் பழக்குவதும், எழ முடியாதவரைத் தாங்கி வண்டியில் ஏற்றுவதும் இதற்குள் வராதா?

வாய் பேசாதவரின் சம்மதம்

இனி, பணம் திரட்டும் முறை பற்றி ஒரு வார்த்தை. இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நோயாளியின் படத்தை எடுத்து, எச்சில் வழியும் வாயையும் குழாய் மாட்டிய மூக்கையும் காட்டி, கீழே வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு நாலு பக்கமும் அனுப்புகிறார்கள். பணம் வருகிறது, மறுப்பதற்கில்லை. நெருக்கடியில் செய்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேச்சிழந்தவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதவர். சொல் வராவிட்டாலும் பலருக்குப் புரிந்துகொள்ளும் சக்தி இருக்கிறது. தன் படம் எங்கெங்கோ போகிறது என்பது தெரிந்தும் தடுக்க முடியாமல் படுத்திருப்பவரின் மனத்தை நினைத்துப் பாருங்கள். அவர் தலையசைப்பையும் கண் ஜாடையையும் பார்த்துக் கேட்டறிய வேண்டாமா?

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது உங்களுக்கு அதைவிட நல்லது என்பது குர்ஆனின் அறிவுரை (2:271). சொல்லிக் காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் அது எச்சரிக்கிறது (2:264). நோகடிப்பது என்பது கடுஞ்சொல் மட்டுமல்ல. ஒருவரின் அவல நிலையைப் படமாக்கிப் பலர் பார்க்கச் செய்வதும் அதில் அடங்கலாம் என்று அஞ்சுவோம். கொடுப்பவர் படம் வேண்டாம்; வாங்குபவர் படமும் வேண்டாம். மருத்துவரின் சீட்டு, தேவையான தொகை, பொறுப்பேற்ற மூன்று பேரின் பெயர் இருந்தால் போதும். நம்பிக்கை அதில் வரவில்லையென்றால், குறை நோயாளியின் முகத்தைக் காட்டாததில் இல்லை. நம் மஹல்லாவில் நம்பத் தகுந்த மூன்று பேரை நாம் வளர்க்காததில் இருக்கிறது.

பக்கத்திலும் தூரத்திலும் இரண்டு உதாரணங்கள்

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்போருக்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இராஜபாளையத்திலிருந்து தெற்கே தென்காசிக்குப் போனால், அதன் அருகே ஆய்க்குடி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். இது பக்கவாதம் அல்ல, தண்டுவடக் காயம். ஆனாலும் படுக்கையும் பயிற்சியும் செலவும் ஒரே விதமானவையே. ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த 1981 இல், அவர் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த அமர்ஜித் சிங் சாஹல் என்னும் இராணுவ மருத்துவரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். சிறியதாகத் தொடங்கிய அது, பலர் அளித்த நன்கொடையால் வளர்ந்து, மாற்றுத் திறனாளிகளுக்குப் பயிற்சியும் கல்வியும் தரும் பெரிய நிலையமாயிற்று. 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அன்றைக்கு அவர் படுக்கையருகே நின்று, ‘இனி என்ன ஆகப்போகிறது, செலவு வீண்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்! ஆனாலும் எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். அவரைப் போல எல்லோரும் சாதித்தாக வேண்டும் என்று நாம் கேட்கக்கூடாது. ஒன்றும் சாதிக்காமல், தன் வீட்டுத் திண்ணைவரை நடந்து வந்து உட்காரும் கிழவருக்கும் அதே உரிமை உண்டு.

இன்னோர் உதாரணம் தூரத்தில் உள்ளது. எகிப்தின் சுல்தான் கலாவூன், கெய்ரோவில் 1284-85 இல் ஒரு பெரிய மருத்துவமனை கட்டினார். அதை நடத்தச் சொத்துகளை வக்பு செய்துவைத்தார். ஆண், பெண், செல்வர், வறியவர் என்ற பேதமில்லாமல் அங்கே சிகிச்சை நடந்தது. அதற்கு வருடந்தோறும் யாரும் துண்டு விரிக்கத் தேவையில்லாமல், சொத்தின் வருமானமே ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு வேர் எங்கே? கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியில் இருக்கிறது. வெள்ளத்தைத் தேக்கமாக மாற்றும் வித்தையை நம் முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். ஒரு கடை வாடகை, ஒரு தோப்புக் குத்தகை இப்படி நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டால், ஒரு மஹல்லாவின் பல வருடக் கவலை தீரும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய சங்கம், கட்டிடம், ரசீதுப் புத்தகம் எதுவும் முதலில் தேவையில்லை. மஹல்லாவில் விவரமும் அமானிதமும் உள்ள மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவருடைய வீட்டுப் பெண்மணியும் சேர்ந்துகொண்டால், பெண் நோயாளிகளின் நிலையையும் அறிந்துகொள்ள முடியும். யாராவது நோயில் விழுந்த செய்தி வந்த வாரமே இவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம்’ என்றுதான் நம் மக்கள் சொல்வார்கள். ‘பயிற்சிக்கு எங்கே போகிறீர்கள்? வாரத்துக்கு எத்தனை நாள்? எப்படிப் போய் வருகிறீர்கள்?’ என்று கேட்டால் உண்மை நிலை தானே தெரிந்துவிடும்.

அரசாங்கம் தரும் உதவியை முதலில் நாடவேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். கை கால் செயலிழப்பு நீடித்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று மருத்துவச் சான்று கிடைத்தால், 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத் திறனாளிகளுக்கான சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தத் தாள்களை எழுதத் தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம். படித்த பிள்ளை ஒருவர் ஒரு நாள் கூட அலைந்தால், அதுவே பெரிய தர்மம்.

எஞ்சிய செலவுக்குத்தான் ஊரின் பணம். ஜகாத்தை ரமளானில்தான் கொடுக்கவேண்டும் என்பதில்லை. நிஸாப் உள்ளவர் தம் ஜகாத்தை வருடம் நிறைவதற்கு முன்பே, அந்த நிய்யத்தோடு மாதாமாதம் பிரித்துக் கொடுக்க அனுமதி உண்டு. அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஆனால் ஜகாத் பணம் ஏழையின் உடைமையாக வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். பயிற்சியாளரிடம் நாமே நேராகக் கட்டுவதானால், நோயாளியின் அனுமதி பெற்று அவர் சார்பில் கட்டவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் தத்தம் ஆலிம்களிடம் விவரம் கேட்டுக்கொள்க. ஜகாத் தகுதி இல்லாவிட்டாலும் நெருக்கடியில் உள்ளவருக்கும், நம் தெருவிலுள்ள மாற்று மதச் சகோதரருக்கும் பொதுவான ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே மலைத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் நாம்.

பணமில்லாதவர்களும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. ஆட்டோ வைத்திருப்பவர் வாரம் ஒரு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகலாம். இளைஞர்கள் முறை வைத்து, பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தபடி நடக்கப் பழக்கலாம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள் கெடும் என்பது போன்றவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யவேண்டும். இரவும் பகலும் கண் விழித்துத் திருப்பிப் படுக்க வைக்கும் அவர் மனைவியை யாரும் நினைப்பதில்லை. அந்தம்மாவுக்கு இரண்டு மணி நேரம் தூங்க அவகாசம் கொடுப்பதும் நோயாளிக்குச் செய்த உதவியே.

நோயாளியின் குடும்பத்துக்கும் ஒரு கடமை உண்டு. வாங்கிய பணத்தைப் பயிற்சிக்கே செலவிட்டு, கேட்குமுன் கணக்கைக் காட்டிவிட வேண்டும். ‘நிலைபெறும்வரை’ என்று கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸில் கண்ட எல்லையை நினைத்து, போதும் என்ற நாளில் போதும் என்று சொல்லவேண்டும். மீதமுள்ளது அடுத்த வீட்டுக்குப் போகட்டும். வாங்கும்போது தலை குனிய வேண்டியதும் இல்லை. ஸதகா அவர்களுக்கு அல்லாஹ் வைத்த பங்கு. நாம் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியாட்கள்.

மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று கேட்பான். அகிலத்தின் இரட்சகனாகிய உன்னை நான் எப்படிப் பார்க்க வருவது என்று அடியான் திகைப்பான். என் இன்ன அடியான் நோயுற்றிருந்தானே, அங்கே வந்திருந்தால் என்னைக் கண்டிருப்பாயே என்று பதில் வரும். முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸ் குத்ஸியில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நோயாளி கூப்பிட்டார், கேட்டார் என்று அதில் இல்லை. நோயுற்றிருந்தார், அவ்வளவுதான். போவது நம் வேலை.

அடுத்த ஜும்ஆவுக்குமுன், நம் தெருவில் முன்பு வந்துகொண்டிருந்து இப்போது பள்ளிக்கு வராமற் போனவர் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நான்கு மாதமாக ஸஃப்பில் காலியாக இருக்கும் அந்த இடம் யாருடையது? அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வல்ல நாயன், நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவை அளிப்பானாக! அவர்களைப் பேணும் கைகளுக்குச் சோர்வறியாத சக்தியைத் தருவானாக! கேட்குமுன் அறிந்து கொடுக்கும் கூட்டத்தில் நம்மையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.